புலி வாலைப் பிடித்த வைட்டமின் இ

3 ஜூன் 2022 – ஒரு வாசகரின் கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு வைட்டமின் இ 400 சாப்பிடுகிறார். ஆன்டிஆக்சிடன்ட், ரத்தக்குழாய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறார். நேற்று ஒருவர், அதே மாத்திரைதான் ரத்தத்தில் உள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்கிறார். தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும் என்பது போல இருக்கிறது. இதில் உண்மை உண்டா, சும்மா கிளப்பிவிட்ட கதையா?

3 ஜூன் 2022, இரவு

உண்மை உண்டு. அவர் சொன்ன அளவுக்கு இல்லை. தவணை தவணையாகத்தான் எழுத முடியும்.

அதற்கு முன் ஒன்று. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என் கண்ணில் பட்டது: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதிக அளவு வைட்டமின் இ தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையிலும் குறுக்கே வரும். வார்ஃபரின் போன்ற மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். கொழுப்பு ஆக்சிடைஸ் ஆகிறதா என்று நாம் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம், இது காத்திருக்காது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி விஷயம். எல்டிஎல் என்றால் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் வரும் ஓர் எண் என்று பழகிவிட்டோம். அது ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துபோகும் ஒரு துகள். குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். நடுவில் ஏறக்குறைய 1,600 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள், மேலே பாஸ்போலிபிட் போர்வை, அதைச் சுற்றிக் கட்டிய கயிறு மாதிரி ஒரே ஒரு பெரிய புரதம். அந்தப் புரதத்தில் மட்டும் 4,536 அமினோ அமிலங்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் வைட்டமின் இ எத்தனை தெரியுமா? ஆறிலிருந்து பன்னிரண்டு. அவ்வளவுதான் காவல்.

இந்தத் துகள் கெட்டுப்போனால் என்ன என்பதற்கு: ரத்தக்குழாய்ச் சுவரில் கழிவை விழுங்கும் மாக்ரோஃபேஜ் செல்கள் நல்ல எல்டிஎல்லை அளவோடுதான் எடுக்கும். வேதிமாற்றம் அடைந்ததை அளவே இல்லாமல் விழுங்கி, கொழுப்பு நுரை நிரம்பிய செல்லாக ஆகிவிடும். கோல்ட்ஸ்டீனும் பிரவுனும் 1979-இல் அசிட்டைல் என்ற வேதிக்குழுவை ஏற்றிய எல்டிஎல்லை வைத்து இதைக் காட்டினார்கள். 1989-இல் டேனியல் ஸ்டைன்பெர்க்கும் கூட்டாளிகளும், உடம்பில் அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம்தான் என்று கட்டுரை எழுதினார்கள். அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் சரியாகிவிடுமே? எல்லோரும் போட்ட கணக்கு இதுதான். நானும் போட்டேன். மாத்திரையும் போட்டேன், அது பிறகு.

4 ஜூன் 2022

எண்ணெய் ஏன் காறிப்போகிறது? லினோலிக் அமிலம் போன்ற கொழுப்பில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். அதன் ஹைட்ரஜன் லேசாக இழுத்தாலே கழன்று வரும். ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் ஒரு மூலக்கூறு, அதாவது ஃப்ரீ ரேடிக்கல், அதைப் பிடுங்கினால் அந்தக் கொழுப்பே ரேடிக்கலாகிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள, பெராக்சில் ரேடிக்கல் ஆகிறது. அது பக்கத்துக் கொழுப்பிடம் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. கடனை அடைக்கப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது போல. கொஞ்ச நேரத்தில் தெருவே கடனாளி.

வைட்டமின் இ-யின் வேலை இந்தச் சங்கிலியை வெட்டுவது. பெராக்சில் ரேடிக்கல் பக்கத்துக் கொழுப்பைத் தொடுவதற்குள் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும், பல ஆயிரம் மடங்கு வேகத்தில். கொடுத்த பிறகு வைட்டமின் இ-யே ஒரு ரேடிக்கல்தான். டோக்கோஃபெராக்சில் என்று பெயர். சோம்பேறி ரேடிக்கல். பாட்டிலில் உள்ள எண்ணெயில் அது சாவகாசமாக மிதந்துபோய் இன்னொரு ரேடிக்கலைச் சந்திக்கும், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். கணக்கு முடிந்தது.

எல்டிஎல்லில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு துகளும் ஒரு தனித் தீவு. உள்ளே ஒரு ரேடிக்கல் வந்தால் இரண்டாவது வர வெகுநேரம் ஆகும். டோக்கோஃபெராக்சில் வெளியே தண்ணீரில் இறங்கவும் முடியாது. அதன் வால் முழுக்கக் கொழுப்பில் புதைந்திருக்கிறது. புலி வாலைப் பிடித்தவன் நிலைமை. விடவும் முடியாது, கொல்லவும் ஆளில்லை. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பான்? சோம்பேறியாக இருந்தாலும், நேரம் போதுமான அளவு கிடைத்தால் பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனை அதுவே பிடுங்கும். சங்கிலி அங்கிருந்து ஆரம்பம். ஆரம்பித்து வைத்தது காவல்காரன்.

வின்சென்ட் போரி, கீத் இங்கோல்ட், ரோலண்ட் ஸ்டாக்கர் மூவரும் 1992-இல் எழுதியது இதைத்தான். டோக்கோஃபெரால் (வைட்டமின் இ-யின் வேதிப்பெயர்) வழியாக நடக்கும் பெராக்சிடேற்றம் என்று பேர் வைத்தார்கள்.

5 ஜூன் 2022

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். எல்லா மருந்து விவாதத்துக்கும் பொருந்துகிற பழமொழி என்பதாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். இங்கே பொருந்தவில்லை. மாத்திரையே போடாதவரின் எல்டிஎல்லிலும் இது நடக்கும். வைட்டமின் இ சாதாரண அளவில் இருந்தாலே போதும். சிக்கல் வைட்டமின் மிஞ்சியதில் இல்லை, அது தனியாக மாட்டிக்கொண்டதில்.

வேடிக்கை என்னவென்றால், ரேடிக்கல்கள் மழையாகக் கொட்டினால் வைட்டமின் இ நல்ல பிள்ளை. ஒரு துகளுக்குள் அடுத்தடுத்து ரேடிக்கல் நுழையும். முதல் புலியை இரண்டாவது புலி அடித்துவிடும். தூறலாகச் சொட்டினால்தான் வம்பு.

5 ஜூன் 2022, சற்று நேரம் கழித்து

"வேலியே பயிரை மேய்ந்தது" என்று எழுதியவருக்கு: இது பரவாயில்லை. ஆனால் வேலி வேண்டுமென்று மேயவில்லை.

11 ஜூன் 2022

"இதை நேரில் பார்த்திருக்கிறீர்களா, படித்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். பார்த்திருக்கிறேன். அசிங்கப்பட்டும் இருக்கிறேன்.

அப்போது எல்லோரும் செய்த பரிசோதனை எஸ்டர்பாவர் என்ற ஆராய்ச்சியாளர் பிரபலமாக்கியது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, அதில் செப்பு உப்பைக் கொஞ்சம் விட்டு, 234 நானோமீட்டர் ஒளியில் வைத்துப் பார்ப்பது. கொழுப்பு ஆக்சிடைஸ் ஆக ஆக அந்த ஒளியை விழுங்கும் அளவு ஏறும். ஆரம்பத்தில் கோடு தரையோடு படுத்துக்கிடக்கும். அந்தப் படுக்கை நேரம்தான் எல்டிஎல்லின் தாக்குப்பிடிக்கும் சக்தி என்பது கணக்கு. வைட்டமின் இ சாப்பிட்டவரின் எல்டிஎல்லில் படுக்கை நேரம் நீளும். அழகான கோடு, அழகான படம். அதைக் காட்டி எத்தனை பேரை நம்பவைத்திருக்கிறேன்!

பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். செப்புக்குப் பதிலாக ஏஏபிஎச் என்ற பொருளைக் குறைந்த அளவில் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அது 37 டிகிரியில் மெதுவாகச் சிதைந்து, சீரான வேகத்தில் ரேடிக்கலைச் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்புக்குச் செப்பு வெள்ளத்தைவிட இது நெருக்கம் என்பது அவள் வாதம். சரி, செய் என்றேன். வைட்டமின் இ ஏற்றிய எல்டிஎல்லில் கொழுப்பு ஹைட்ரோபெராக்சைடு, அதாவது ஆக்சிடைஸ் ஆன கொழுப்பு, குறைவாக வர வேண்டும். அதிகமாக வந்தது. "சோதனைக் குழாயில் பேர் மாற்றி எழுதியிருக்கிறாய்" என்றேன். மறுபடி செய்தாள். "சார், தலைகீழாகத்தான் வருகிறது." பிப்பெட்டைக் குறை சொன்னேன். மூன்றாவது முறையும் அதேதான். அப்போது நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். கவனம் இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது என்கிற ரகம்.

போரி–ஸ்டாக்கர் கட்டுரையை அவள்தான் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை. அதில் ஒரு விஷயம் என் தூக்கத்தைக் கெடுத்தது: வைட்டமின் இ இருக்கும்போது ஆக்சிஜனேற்றம் வேகமாகவும், அது முழுக்கத் தீர்ந்த பிறகு மெதுவாகவும் போகிறது. காவல்காரன் செத்த பிறகு திருட்டு குறைந்த கதை.

12 ஜூன் 2022

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, முக்கியமானது. எல்டிஎல்லைப் பிரித்துக் கழுவும்போது தண்ணீரில் கரைவதெல்லாம் போய்விடும். அதாவது வைட்டமின் சி போய்விடும். எங்கள் குழாயில் வைட்டமின் இ அநாதை.

ரத்தத்தில் அப்படி இல்லை. வைட்டமின் சி துகளுக்கு வெளியே தண்ணீரில் நிற்கிறது. டோக்கோஃபெராக்சிலின் தலை துகளின் மேற்பரப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வைட்டமின் சி அதற்கு ஒரு ஹைட்ரஜன் கொடுத்துப் புலியைத் தன் கைக்கு வாங்கி வெளியே கொண்டுபோய்விடும். வைட்டமின் இ பழையபடி முழு ஆள். 1979-இல் பேக்கர், ஸ்லேட்டர், வில்சன் மூவரும் இந்தக் கைமாற்றத்தை நேரடியாக அளந்தார்கள். 1989-இல் ஃப்ரை, இங்கிலாண்ட், ஏம்ஸ் மூவரும் ரத்த பிளாஸ்மாவை எடுத்து ரேடிக்கலைச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள்: வைட்டமின் சி இருக்கும்வரை கொழுப்பில் பெராக்சைடு கண்ணிலேயே படவில்லை. அது தீர்ந்ததும் ஏற ஆரம்பித்தது, வைட்டமின் இ ஏறக்குறைய அப்படியே இருக்கும்போதே.

துகளுக்கு உள்ளேயும் ஒரு துணை உண்டு: யுபிகுவினால், அதாவது கோ-கியூ10-இன் ஒடுக்கிய (ஹைட்ரஜன் ஏற்றிய) வடிவம். ஆனால் துகளுக்குச் சராசரியாக ஒன்றுகூடத் தேறாது. முதலில் தீர்வதும் அதுதான்.

13 ஜூன் 2022

கோ-கியூ10 பேரைச் சொன்னதும் "கொலஸ்ட்ரால் மாத்திரை அதைக் குறைக்குமே" என்ற கேள்வி வரும் என்று தெரியும். ஆமாம், ஸ்டாட்டின் மருந்து கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையை அடைக்கிறது, அதே பாதையின் கிளையில்தான் கோ-கியூ10-உம் தயாராகிறது, ரத்தத்தில் அது குறையும். ஆனால் ஸ்டாட்டின் எல்டிஎல் துகள்களின் எண்ணிக்கையையே குறைக்கிறது; மாரடைப்பைக் குறைப்பதும் திரும்பத் திரும்ப நிரூபணமானது. நான் எழுதியதைக் காட்டி யாரும் ஸ்டாட்டினை நிறுத்தினால் அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்.

19 ஜூன் 2022

குழாய்க் கதை போதும், மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்.

1993-இல் இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் ஒன்றாக வெளிவந்தன. செவிலியர்கள் 87,245 பேர், மருத்துவத் துறை ஆண்கள் 39,910 பேர். வைட்டமின் இ மாத்திரையை இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. அதைப் படித்த வாரம்தான் நான் மாத்திரை வாங்கினேன். என்னுடன் வேலை பார்த்தவர்களும் வாங்கினார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் நடக்கவும் நடப்பார், புகைக்க மாட்டார், எடை பார்த்துக்கொள்வார் என்பது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அப்புறம் யாருக்கு மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகள் வந்தன. 1996-இல் கேயாஸ், அதாவது குழப்பம் என்று அர்த்தம் வரும் சுருக்கப்பெயர் கொண்ட ஆய்வு: 2,002 இதய நோயாளிகள், உயிர் போகாத மாரடைப்பு 77 சதவீதம் குறைந்தது. எல்லோரும் கொண்டாடினோம். அதே ஆய்வில் இறப்பு குறையவில்லை என்ற வரியைக் கண் தாண்டிப் போயிற்று. 1999-இல் ஜிஸ்ஸி என்ற ஆய்வு: மாரடைப்பு வந்த 11,324 பேர், தினம் 300 மில்லிகிராம், சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. 2000-இல் ஹோப், அதாவது நம்பிக்கை: 9,297 பேர், தினம் 400 யூனிட், பலன் இல்லை. அதையே ஏழு வருடம் வரை நீட்டிப் பார்த்து 2005-இல் சொன்னார்கள்: வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகம்.

குழப்பம் என்று பேர் வைத்த ஆய்வு நம்பிக்கை தந்தது. நம்பிக்கை என்று பேர் வைத்த ஆய்வு அதைப் பிடுங்கிக்கொண்டது.

20 ஜூன் 2022

திருத்தம். 9,297 என்பது அதே ஹோப் ஆய்வில் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சோதித்த பகுதி. வைட்டமின் இ பகுதியில் 9,541 பேர். நினைவில் இருந்து எழுதினால் இப்படித்தான். சுட்டிக்காட்டியவர் இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சுட்டியிருக்கலாம், பரவாயில்லை, எண் அவருடையதுதான் சரி.

2 ஜூலை 2022

வைட்டமின் சி பக்கம் விவாத இழை நகர்ந்துவிட்டது. "சி-யும் ஆக்சிடைஸ் செய்யும், இரும்போடு சேர்ந்தால்" என்கிறார் ஒருவர். வேதியியல் சரி. வைட்டமின் சி இரும்பை எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும். ஒடுங்கிய இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்கும், அதைவிடப் பொல்லாத ரேடிக்கல் உயிர்வேதியியலில் இல்லை. குழாயில் கொழுப்பைக் கெடுக்க வேண்டுமா, இரும்பும் வைட்டமின் சி-யும் போடு என்பது ஆய்வகத்தில் பழைய சமையல் குறிப்பு.

ரத்தத்தில் இரும்பு சும்மா திரியாது. டிரான்ஸ்ஃபெரின் புரதம் அதைக் கட்டிவைத்திருக்கும், செப்பை செருலோபிளாஸ்மின். 1997-இல் ஃப்ரை குழுவினர் இரும்பு நிரம்பி வழிந்த பிளாஸ்மாவிலும் பார்த்தார்கள். அங்கும் வைட்டமின் சி கொழுப்பைக் காப்பாற்றத்தான் செய்தது. ஆனால் திசுக்களில் இரும்பு தேங்கியவர்கள் விஷயம் வேறு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் அதிக அளவு வைட்டமின் சி எடுத்து இதயம் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

9 ஜூலை 2022

கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: 1984-இல் பர்ட்டனும் இங்கோல்டும் (மேலே வந்த அதே இங்கோல்ட்) ஆக்சிஜன் குறைவான இடத்தில்தான் அது ஆன்டிஆக்சிடன்ட், அதிகமான இடத்தில் எதிர்மாறு என்று காட்டினார்கள். பத்து வருடம் கழித்துப் பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் சோதித்தபோது பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். 1996-இல் கேரட் என்ற சுருக்கப்பெயர் கொண்ட அமெரிக்க ஆய்வு, 18,314 பேர், 28 சதவீதம் அதிகம், 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். அந்த வேதியியல்தான் இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, அதனாலேயே சொல்லவில்லை.

23 ஜூலை 2022

ஒரு மாதமாக என்னை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருக்கிறது. இதுவரை நான் எழுதியதைச் சேர்த்துப் படித்தால், "இ தனியாகப் போனதுதான் தப்பு, சி-யோடு அனுப்பியிருந்தால் எல்லாம் சரி" என்று ஒரு கட்சி தெரிகிறது. அது என் பழைய கட்சிதான். அது தோற்ற கட்சி.

2002-இல் பிரிட்டனில் வந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர். தினம் வைட்டமின் இ 600 மில்லிகிராம், சி 250, பீட்டா கரோட்டின் 20. துணையோடுதான் போனது. ஐந்து வருடம். ரத்தத்தில் வைட்டமின் இ இரு மடங்கானது, ஆகவே மாத்திரை உள்ளே போகவில்லை என்றும் சொல்ல முடியாது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இறப்பு எதிலும் பலன் இல்லை. பின்லாந்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த சின்ன ஆய்வு ஒன்றில் ஆண்களுக்குக் கழுத்துத் தமனி தடிப்பது மெதுவானது உண்மைதான். நான் பல வருடம் அதைப் பிடித்துத் தொங்கினேன். தமனியின் தடிப்பு ஓர் அளவுகோல், மாரடைப்பு வேறு.

இன்னொன்று. ஸ்டாக்கர் குழுவினரே 1995-இல் மனிதத் தமனியில் படிந்த கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஆக்சிடைஸ் ஆன கொழுப்பு இருந்தது. பக்கத்திலேயே வைட்டமின் இ-யும் இருந்தது, சி-யும் இருந்தது, தீர்ந்துபோகவில்லை. காவல்காரர் இருவரும் முழிப்போடு நிற்க, வீடு கொள்ளை போயிருக்கிறது. பற்றாக்குறையே இல்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றி என்ன ஆகும்?

ஒருவேளை திருடன் வேறு வாசல் வழியாக வருகிறானோ? வெள்ளை அணுக்களின் மையலோபெராக்சிடேஸ் நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. அது எல்டிஎல்லின் புரதத்தையே நேராகத் தாக்கும், அதை வைட்டமின் இ தடுப்பதில்லை. இந்தப் பார்வை எனக்கு இப்போது கூடுதல் நியாயமாகப் படுகிறது.

ஆகவே முதல் நாள் கேள்விக்கு என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். வைட்டமின் இ சில நிலைமைகளில் எல்டிஎல்லின் ஆக்சிஜனேற்றத்தை முன்னே தள்ளும், இது உறுதியான வேதியியல். ஆய்வுகளில் பலன் வராததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஹோப் நீட்டிப்பில் வந்த இதயச் செயலிழப்பு அதனால்தான் என்று கோடு போட்டு இணைக்க முடியாது. அப்படி இணைத்து ஒரு முறை மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டல் வந்தது.

24 ஜூலை 2022

"அப்படியானால் இத்தனை நாள் எங்களைப் படிக்கவைத்தது எதற்கு?" – ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். எழுதும்போதுதான் தெரிந்தது.

புலி வால் உவமையும் முழுக்கச் சரியில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். வால் என்றால் புலி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உண்மையில் தண்ணீரில் திரியும் ரேடிக்கலை வாசலில் நின்று முதலில் வாங்குவதே வைட்டமின் இ-தான். அது இல்லாத துகளுக்குள் ரேடிக்கல் நுழைவதே கடினம். மேலும் கொழுப்பிடம் ஹைட்ரஜனைப் பிடுங்கியதும் இ மறுபடி முழு ஆளாகி, அடுத்த பெராக்சில் ரேடிக்கலுக்கு மறுபடி கொடுக்கும். புலி கைமாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கொழுப்பு மூலக்கூறு ஹைட்ரோபெராக்சைடு ஆகும். உவமை இந்த இடத்தில் கழன்றுவிடுகிறது. தலைப்பை மாற்ற மனம் வரவில்லை.

14 ஆகஸ்ட் 2022

என் மாத்திரைக் கதை. ஏழு வருடம், தினம் 400 யூனிட். அந்தச் சோதனைக்குப் பிறகும் நிறுத்தவில்லை என்பதுதான் கேவலம். குழாய் வேறு, நான் வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சி-யும் சேர்த்துக்கொண்டேன்.

நிறுத்தவைத்தது ஆக்சிஜனேற்றமே இல்லை, ஒரு பல். பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்க மறுத்தது. என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று பல் மருத்துவர் கேட்டார். "மாத்திரை எதுவும் இல்லை" என்றேன், முழு நேர்மையோடு. வைட்டமினை மாத்திரைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டாவது முறை கேட்டபோதுதான் வாயில் பஞ்சோடு சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! அதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அன்றோடு சரி.

இன்னொரு சங்கதி. 2004-இல் ஃபிஷர் குழுவினர் ஈரல் செல்களில் ஒன்றைக் கண்டார்கள். ஈரல் விஎல்டிஎல் துகளை (எல்டிஎல்லின் முன்வடிவம்) தயாரிக்கும்போது உள்ளே கொழுப்பு பெராக்சைடு ஏறினால், அந்தத் துகளைச் சுற்றிக் கட்டும் பெரிய புரதத்தை, அப்போ-பியை, ஈரலே அழித்துவிடும். வெளியே விடாது. வைட்டமின் இ கொடுத்தால் அந்த அழிப்பு குறைந்து, துகள்கள் அதிகமாக வெளியே வருகின்றன. அந்தப் பிரிட்டன் ஆய்விலும் வைட்டமின் எடுத்தவர்களுக்கு எல்டிஎல், டிரைகிளிசரைடு இரண்டும் லேசாக ஏறின. பெராக்சைடு என்றாலே கெடுதல் என்று நினைத்தோம். ஈரல் அதைத் தரப் பரிசோதனைக்குப் பயன்படுத்துகிறது. இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த தகவல் இது, யாரும் கண்டுகொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

3 செப்டம்பர் 2022

"யாருக்குமே பயன் இல்லையா?" உண்டு. ஹாப்டோகுளோபின் புரதத்தில் 2-2 என்ற வகை உள்ள சர்க்கரை நோயாளிகள் 1,434 பேரிடம் 2008-இல் வெளிவந்த ஆய்வில், 400 யூனிட் எடுத்தவர்களில் இதய நிகழ்வுகள் 2.2 சதவீதம், எடுக்காதவர்களில் 4.7. அந்த வகைப் புரதம் சிதறிய ஹீமோகுளோபினைச் சரியாகக் கட்டிவைக்காது, அதன் இரும்பு பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். ரேடிக்கல் மழை பெய்யும் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. மழையில் இ நல்ல பிள்ளை என்று ஜூனில் எழுதினேன் அல்லவா. ரொம்ப அழகாகப் பொருந்துகிறது. ரொம்ப அழகாகப் பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று 23 ஜூலை குறிப்பில் கற்றுக்கொண்டதால் இதோடு நிறுத்துகிறேன்.

16 அக்டோபர் 2022

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மருத்துவர் டப்பாவைப் பார்த்துவிட்டு வைட்டமின் இ-யை நிறுத்திவிட்டாராம். அம்மாவுக்கு இப்போது வேறு பயம்: நிறுத்தினால் குறைபாடு வந்துவிடுமோ?

வராது. ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம். விதைகள், கொட்டைகள், தாவர எண்ணெய்களில் இருக்கிறது. உண்மையான குறைபாடு அபூர்வம். கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், ஈரல் நோய்களில் வரும். ஈரலில் ஆல்ஃபா டோக்கோஃபெராலைப் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கு அனுப்பும் புரதத்தின் மரபணு பழுதானவர்களுக்கும் வரும். அவர்களுக்கு நடை தடுமாறும், நரம்பு கெடும். அங்கே அதிக அளவு வைட்டமின் இ-தான் மருந்து, அதை யாரும் நிறுத்தக் கூடாது. உங்கள் அம்மா அந்தக் கணக்கில் இல்லை. மீதி மாத்திரையை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். என் மீதியை இருபது வருடத்துக்கு மேலாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், என்னைக் கேட்காதீர்கள்.

8 ஜனவரி 2023

11 ஜூன் குறிப்பில் வந்த மாணவி இதையெல்லாம் படித்திருக்கிறார். இப்போது அவரே ஓர் ஆய்வகம் நடத்துகிறார். நேற்று கடிதம் வந்தது. நான் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காலத்து நோட்டுப் புத்தகத்தின் பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, ஒரே ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார். பரிசோதனையை மூன்று முறை செய்ததாக எழுதியிருக்கிறேன். ஐந்து முறை. நான்காவதையும் ஐந்தாவதையும் நான் வீட்டுக்குப் போன பிறகு, இரவில், குழாய்களின் பெயரை வேறொருவரை விட்டு எழுதவைத்துச் செய்திருக்கிறார்.

மேலே திருத்தவில்லை. இங்கே சேர்த்துக்கொள்ளவும்: ஐந்து.